அவுக குளிக்காக

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் உடுத்திய துணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

பேரருவிக்குப் போகிற வழியில், மங்குஸ்தான் பழக்கடைக்கும் எண்ணெய் மசாஜ் செய்கிற சுடலையின் பலகைக்கும் நடுவில் ஒரு தகர ஷெட் இருக்கிறது. 'பை, செல்போன் பாதுகாக்கப்படும்' என்று போர்டு. சாரல் விழுந்து சீசன் ஆரம்பித்ததும் திறந்துவிடுவேன். பையையும் போனையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, கயிற்றில் கோர்த்த பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றை ஆளுடைய மணிக்கட்டில் கட்டிவிடுவேன். அதற்குப் பிறகு பேர், ஊர், ஆதார், பேங்க் கார்டு எல்லாம் என் அலமாரியில்; அருவிக்குள் போகிற உடம்புக்கு அந்த டோக்கன் மட்டும்தான் அடையாளம். அதனால் இந்தப் பக்கத்தில் எனக்கு 'டோக்கன் அக்கா' என்றே பேராகிவிட்டது.

வெளியூர் போகும்போது உங்கள் பேரையும் நம்பரையும் திருடிவிடுவார்கள், ஜாக்கிரதை என்று உங்கள் போனிலும் எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருக்கும். அதைப் படித்துவிட்டு, அதே போனை யாரென்றே தெரியாத என்னிடம் நீட்டிவிட்டுத்தான் நீங்களும் குளிக்கப் போவீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. என்னிடமும் ஒரு போன் இருக்கிறது, எனக்கும் அதைக் கண்டால் பயம்தான். போன சாரலில் இறந்துபோன ஒருவருடைய பேரும் குரலும் என் கையிலிருந்தே பறிபோகப் பார்த்தன. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் கடையில் யாராக இருந்தாலும் வரிசையில்தான் வர வேண்டும்.

ஊறிய விரல்

சுடலையிடம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவியில் ஆசைதீர நின்றுவிட்டு வந்தால் பெருவிரல் சுருங்கி வெளுத்துவிடும். ரேகை ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். அந்த விரலை வைத்தால் போன் திறக்காது. ரேகை வைத்துவிட்டோம், இனி நம்மை எவனும் அசைக்க முடியாது என்று நினைத்திருப்பவர்கள் குற்றாலத்துக்கு வந்து அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் துண்டில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார், துண்டும் ஈரம். கடைசியில், "நான் நம்பரச் சொல்லுதேன், நீங்களே அமுக்குங்கக்கா" என்று வாயைத் திறந்துவிட்டார். சுற்றி ஒரு வேன் கூட்டமே நிற்கிறது.

யாராவது நம்பர் சொல்ல வாயெடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்துக் குரங்கைப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கும் பார்த்தேன். குரங்கைப் பார்த்தபடியே தென்காசிக் கோயில் திருநீறு டப்பாவை அவர் பக்கம் தள்ளி, விரலை அதில் முக்கித் தட்டிவிட்டு வையுங்கள் என்றேன். எண்ணெயையும் ஈரத்தையும் திருநீறு வாங்கிக்கொண்டது. போன் திறந்தது. அவர் பயபக்தியோடு மிச்சத்தை நெற்றியில் பூசிக்கொண்டு சொன்னார்:

"நெத்தியில பூசுனா பாவம் போகும்னாக. பெருவெரல்ல பூசுனா போன் தெறக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே!"

கமிஷன் கடை அண்ணாச்சி

கோமதியக்கா புளியங்குடிக்காரர். வீட்டுக்காரர் அங்கே எலுமிச்சங்காய் கமிஷன் கடை வைத்திருந்தார். எனக்கு அவர் கமிஷன் கடை அண்ணாச்சி. சாரல் தவறாமல் இரண்டு பேரும் வருவார்கள். அண்ணாச்சி அருவிக்குள் நுழைந்தால் லேசில் வெளியே வரமாட்டார். அவருடைய போனோ ஓயாது. லாரிக்காரர் கூப்பிடுவார், தோட்டக்காரர் கூப்பிடுவார், தமிழே தெரியாத தூரத்து வியாபாரி கூப்பிடுவார். அக்கா போனை என்னிடம் ஒப்படைக்க மாட்டார். என் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாருக்கும் தாமே பதில் சொல்லுவார். ஆள் அருவியில் நிற்கிறார் என்று எல்லாருக்கும் ஒரே பதில்: "அவுக குளிக்காக."

முந்தின தை மாதம் அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டார். போன சாரலுக்கு அக்கா மட்டும் பஸ் ஏறி வந்தார். கையில் அண்ணாச்சியின் போன். நம்பரை எடுத்துவிடலாம் என்று மகன்கள் சொல்லிப் பார்த்தார்களாம், அக்கா கேட்கவில்லை. காரணத்தை எனக்குப் போட்டே காட்டினார். அண்ணாச்சி வாட்ஸப்பில் எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். வியாபாரிகளுக்குக் காய் வரத்தும் விலையும் சொன்ன குரல்கள். நடுநடுவே வீட்டுக்கு அனுப்பியவை; வீட்டுப் போன் உடைந்துபோனதால் அவையும் இதில் மட்டும்தான் மிச்சம். "ஏட்டி, லோடு ஏத்திட்டு இருக்கோம். சோத்துக்கு வர நேரமாகும். நீ சாப்ட்டுட்டுப் படு." இவ்வளவுதான். அண்ணாச்சி பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எப்போதும் 'ஏட்டி'தான். அக்காவும் அவர் பேரைச் சொன்னதில்லை, எப்போதும் 'அவுக'தான்.

விஷயம் தெரியாத வியாபாரிகள் இன்னும் அந்த நம்பருக்குக் கூப்பிடுகிறார்கள். அக்கா இன்னும் அதே பதிலைச் சொல்லுகிறார். பொய்தான்; ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்த்தால் நீங்களும் திருத்தமாட்டீர்கள். இத்தனை வருடமும் போனுக்குக் காவலிருந்ததில் தான் ஆற அமரக் குளித்ததே இல்லை, இன்றைக்குக் குளிக்கப் போகிறேன் என்றார். முதல் தடவையாக அந்தப் போனை என் கையில் கொடுத்தார். டோக்கன் கட்டிவிட்டேன்.

"போன் வந்தா எடு தாயி. வேற ஒண்ணும் சொல்லாத. அவுக குளிக்காகன்னு மட்டும் சொல்லு."

கம்பிக்கு அந்தப் பக்கம்

அக்கா போன வரிசை நகர்வதற்குள் இன்னும் சிலதைச் சொல்லிவிடுகிறேன். பேரருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புருஷன் தண்ணீருக்கு அடியில். பெண்டாட்டி குளித்து முடித்து, நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு, புருஷன் போனில் பணம் அனுப்ப நிற்கிறாள். ரகசிய எண் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நம்பர் என்னங்க?" என்று கத்துகிறாள். அருவி இரைச்சலில் அந்த மனுஷனுக்கு எது கேட்கும்? சைகையில் புரிந்துகொண்டு, தலையில் தண்ணீர் கொட்டக் கொட்ட விரல்களை விரித்து விரித்துக் காட்டுகிறார். இவள் ஒவ்வொன்றையும் சத்தமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறாள். இருவருக்கும் நடுவில் பாதிக் குற்றாலம் நிற்கிறது.

போன் ஏற்கவில்லை. அவள் மறுபடியும் கத்தப் போனாள். கரையில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தார்:

"ஏ பாப்பா, மூணாவது நம்பர் ஏழு இல்ல, எட்டு! நான் சரியாப் பாத்தேன்லா!"

குரங்கு கண்ட கையெழுத்து

அச்சன்புதூர் மிலிட்டரி அண்ணாச்சி ஒருவர் உண்டு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே ஆதார் நகல் கொடுத்தாலும், குறுக்கே கோடு போட்டு எதற்காகக் கொடுக்கிறார் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பார். அவருடைய சம்சாரத்துக்கு அதில் தீராத கேலி. என் கடைக்கு வருவதற்குள் குரங்கு ஒன்று அவருடைய கைப்பையைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக உதறியது. ரோடு முழுக்க ஆதார் நகல்.

போகிற வருகிறவர்கள் எல்லாம் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒன்றில் 'லாட்ஜ் அறைக்கு மட்டும்', ஒன்றில் 'சிம் கார்டுக்கு மட்டும்'. ஒன்றிரண்டு காற்றோடு போய்விட்டாலும் அண்ணாச்சி பதறவில்லை. அந்தத் தாளை வைத்து எவனும் வேறு வேலை பார்ப்பது கஷ்டம். இந்தக் கதையை நான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவதுண்டு. சம்சாரம் மட்டும் கடைசித் தாளை நீட்டிக்கொண்டே விடவில்லை:

"எல்லாம் எழுதுனீக. 'கொரங்குக்கு மட்டும்'னு ஒண்ணு எழுத மறந்துட்டீகளே!"

மைக்

வேன்கள் நிறுத்துகிற இடத்தில் காணாமல் போனவர்களைக் கூப்பிட ஒரு மைக் உண்டு. அதைப் பிடித்திருக்கிற அண்ணாச்சி நல்ல மனுஷர்; குழந்தை தொலைந்தால் அதன் அம்மாவுக்கு முன்னால் இவர் அழுதுவிடுவார். யாரோ ஒரு பர்ஸைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருந்த கார்டை எடுத்து, பேர், அப்பா பேர், பிறந்த தேதி, கதவு எண், ஆதார் எண் என்று ஒன்றுவிடாமல், நிறுத்தி நிதானமாக, இரண்டு தரம் வாசித்துவிட்டார். நான் ஓடிப்போய், பேரை மட்டும் சொன்னால் போதாதா, மற்றதை வருகிறவரிடம் அல்லவா கேட்க வேண்டும் என்றேன். மனுஷர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்:

"முழுசாச் சொன்னாத்தானக்கா, அது தான்தான்னு அவருக்கே ஒரு நம்பிக்க வரும்!"

டோக்கன் தொலைத்தவர்

மணிக்கட்டில் கட்டிய டோக்கனையே அருவி சில சமயம் அடித்துக்கொண்டு போய்விடும். செங்கோட்டை வழியாக வருகிற மலையாளத்துக்காரர் ஒருவர், ஒரு தோர்த்துத் துண்டு மட்டும் உடுத்திக்கொண்டு நடுங்கியபடி வந்து நின்றார். டோக்கன் இல்லை. தான் இன்னார் என்று காட்ட வேண்டிய சகலமும் பைக்குள், பையோ என்னிடம். இப்படி வருகிறவர்களிடம் கார்டில் அச்சடித்ததை நான் கேட்கவே மாட்டேன். பேரும் பிறந்த தேதியும் கார்டைத் திருடினவனுக்கும் தெரியும், மைக்கைக் கேட்டவனுக்கும் தெரியும். எதிலும் எழுதியில்லாததைத்தான் கேட்பேன்.

பைக்குள் வேறு யாருக்கும் தெரியாதது என்ன இருக்கிறது என்று கேட்டேன். யோசித்தார். பக்கத்துப் பையில் மகளுடைய ஒற்றைக் கொலுசு இருக்கிறது, திருகு கழன்றுவிட்டது, சரிசெய்ய எடுத்து வந்து மறந்தே போனேன் என்று மலையாளத்திலும் தமிழிலுமாகச் சொன்னார். இருந்தது. சின்னக் கொலுசு. அதைக் கையில் எடுத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். பையை வாங்கிக்கொண்டு, குளிரில் பல் தந்தியடிக்கச் சொன்னார்:

"ஞான் தன்னெயா ஞான் சேச்சி! வேறெ ஆரா ஈ தணுப்பத்து இங்ஙனெ நிக்குந்நது?"

என்ன சொல்லிக் கூப்பிட்டாக?

கோமதியக்கா குளிக்கப் போன கொஞ்ச நேரத்தில் கமிஷன் கடை அண்ணாச்சியின் போன் அடித்தது. சார் இருக்கிறாரா என்று ஒரு குரல். "அவுக குளிக்காக" என்றேன். வைத்துவிட்டான். உடனே திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. போன் பூட்டித்தான் இருந்தது, ஆனாலும் அந்த ஆறு எண்ணும் பூட்டுக்கு வெளியிலேயே பளிச்சென்று தெரிந்தன. மறுபடியும் அவன்: "மேடம், சார்கிட்ட இப்பதான் பேசினேன். குளிச்சிட்டு இருக்காராம். அந்த ஆறு நம்பரை உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாரு. சொல்லலைன்னா இன்னைக்கே சிம் கட்டாயிடும்."

நான் சொன்ன பொய்யையே எடுத்து என்னிடமே கொண்டுவந்து கொடுக்கிறான். அந்த எண் போனால் என்ன போகும் என்று தென்காசியில் போன் கடை வைத்திருப்பவர் எனக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார். அண்ணாச்சியின் வாட்ஸப் அவன் கையில் திறந்துகொள்ளும், இந்தப் போனில் மூடிக்கொள்ளும். அண்ணாச்சி பேரிலும் படத்திலும் அவன் ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பிப் பணம் கேட்பான். உள்ளே இருக்கிற குரல் திரும்பக் கிடைக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பதறிய பதற்றத்தில் என் வாய் பழக்க தோஷத்தில் கேட்டது:

"டோக்கன் நம்பர் என்ன?"

"என்ன டோக்கன், மேடம்?"

"குளிக்கப் போனவங்க கையில கட்டியிருக்கும். அவுககிட்ட பேசினீங்கல்லா, பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

இணைப்பைத் துண்டித்துவிட்டான். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில்தான், தலையில் நீர் சொட்ட வந்த அக்காவிடம் சட்டென்று சொல்லிவிட்டேன்: "அக்கா, எவனோ ஒருத்தன், அண்ணாச்சிகிட்ட இப்பத்தான் பேசினேன்னு சொல்லுதான்!" அக்கா அவனைத் திட்டித் தீர்ப்பார் என்று பார்த்தேன். அவர் திட்டவில்லை. துவட்டிக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது.

"அவுக என்ன சொன்னாகளாம்?"

அவருக்குத் தெரியாதா? கருமாதி வரைக்கும் பக்கத்தில் இருந்து எல்லாம் செய்தவர். ஆனாலும் கேட்கிறார். போன் திரும்பவும் அடித்தது. நான் எட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டார். காதில் தண்ணீர் ஏறியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். "கோமதியக்கா, சொல்லிராதீங்க!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவுககிட்ட பேசினீகளா?"

"ஆமாம்மா, இப்பதான். கன்ஃபர்ம் பண்றதுக்கு சார் பேரைச் சொல்லுங்க."

"அவுக பேர நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்கதான பேசினீக, நீங்க சொல்லுங்க."

அவன் இந்த மாதிரி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. "பரவாயில்லம்மா, அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான். அக்கா திரையை முந்தானையால் துடைத்தார். எண்கள் அங்கேயே நின்றன. அவர் உதடு அசைந்தது. கையைப் பிடித்துப் போனைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன்; அந்தக் கையைத் தொடவே எனக்குத் தைரியம் வரவில்லை.

"சொல்லுதேன். அவுக என்னய என்ன சொல்லிக் கூப்பிட்டாக? அத மட்டும் சொல்லிருங்க, போதும்."

நான் கத்தினது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. தேன் ஒழுகச் சொன்னான்: "கோமதின்னுதாம்மா சொன்னாரு. கோமதிகிட்ட வாங்கிக்கோன்னு."

அக்கா அழைப்பைத் துண்டித்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவுக இல்ல" என்றார், என்னிடம் அல்ல. பிறகு அழுதார். நான் உலர்ந்த துணி கொடுத்தேன். திருநீறு டப்பாவையும் தள்ளினேன். ஊறிய பெருவிரலை அதில் முக்கிப் போனைத் திறந்தார். "ஏட்டி, லோடு ஏத்திட்டு இருக்கோம்..." இரண்டு பேரும் முழுசாகக் கேட்டோம். சுடலைகூட எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்தோம். அவன் நம்பர் இனி வராதபடி மறித்தோம். போன் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டு, பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி மாற்றினோம். வாட்ஸப்புக்கு இரண்டாவதாக ஒரு பூட்டும் போட்டோம். அதற்கான எண்ணை அக்கா அமுக்கும்போது நான் குரங்கைப் பார்த்தேன். எல்லாம் முடிந்ததும் அக்கா போனைப் பழையபடி என் கையில் வைத்து, டோக்கனுக்கு மணிக்கட்டை நீட்டினார்:

"நான் இன்னொரு தரம் குளிச்சிட்டு வாரேன் தாயி. இனிமேயும் யாரு கேட்டாலும் அதையேதான் நீ சொல்லணும். அவுக குளிக்காக."

ஆகவே, என்னைப் போலவே போனைக் கண்டு பயந்து சாகிறவர்களே, கார்டில் இருக்கிற பேரையும் நம்பரையும் உங்களால் முடிந்தவரை பூட்டி வையுங்கள். வீட்டில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை மட்டும் இந்த டோக்கன் அக்காவிடம்கூடச் சொல்லிவிடாதீர்கள், நான் பதற்றத்தில் கத்திவிடுகிற ஆள்.